பவுண்டரிக் கயிற்றுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தவர்கள் சொல்லுங்கள்

வெளிநாட்டுப் பயணத்தில் நம் பெண்கள் கிரிக்கெட் அணி ஆடியதை நேரில் பார்த்தவர்கள் இருந்தால் எழுதுங்கள். நானே தொடங்குகிறேன்.

2025 ஜூன் 28, நாட்டிங்ஹாம், டிரென்ட் பிரிட்ஜ். இங்கிலாந்துக்கு எதிரான ஐந்து டி20 (இருபது ஓவர்) ஆட்டங்களில் முதலாவது. பதினொரு வயது மகளோடு போயிருந்தேன். கயிற்றிலிருந்து மூன்றாவது வரிசை. கேப்டன் ஹர்மன்பிரீத் கவுரைப் பார்க்கப் போகிறோம் என்றுதான் அவள் வழியெல்லாம் பேசிக்கொண்டு வந்தாள். தலையில் அடிபட்டதால் அவர் ஆடவில்லை, ஸ்மிருதி மந்தனாதான் கேப்டன் என்று தெரிந்ததும் முகம் வாடிவிட்டது. அந்த வாட்டம் நாலு ஓவர்கூட நிற்கவில்லை.

மந்தனா 62 பந்தில் 112. அவர் ஆட்டத்தை டிவியில் எத்தனையோ முறை பார்த்திருக்கிறேன். நேரில் பார்க்கும்போது முதலில் மனதில் பதிவது சத்தம். மட்டையின் நடுவில் பட்டால் ஒரு சத்தம், ஓரத்தில் பட்டால் வேறு சத்தம். மகள் கொஞ்ச நேரத்திலேயே கண்ணை மூடிக்கொண்டு, சத்தத்தை வைத்தே "இது நாலு" என்று சொல்ல ஆரம்பித்துவிட்டாள். டி20-இல் மந்தனாவுக்கு அது முதல் சதம். டெஸ்ட், ஒருநாள், டி20 மூன்றிலும் சதம் அடித்த முதல் இந்தியப் பெண்ணும் அவர்தான்.

ஆனால் நான் எழுத வந்தது அதைப் பற்றி அல்ல. இந்தியா 210 எடுத்து முடித்து ஃபீல்டிங்குக்கு வந்தபோது, எங்களுக்கு நேர் முன்னால் ஒரு வீராங்கனை நின்றார். இரண்டு ஓட்டத்தைத் தடுக்க முழங்காலைத் தேய்த்துக்கொண்டு சறுக்கி விழுந்து பந்தை உள்ளே தட்டிவிட்டார். எழுந்தபோது முழங்கை சிவந்திருந்தது. ஓவர் முடிந்ததும் மகள், "வலிக்குதா?" என்று தமிழிலேயே கத்திவிட்டாள். அவருக்குத் தமிழ் தெரிந்திருக்காது. ஆனாலும் திரும்பிப் பார்த்து, முழங்கையைத் தட்டிக் காட்டி, கட்டைவிரலை உயர்த்திச் சிரித்தார். அவ்வளவுதான். ஸ்கோர் போர்டில் அந்த இரண்டு ஓட்டம் எங்கேயும் இல்லை.

இங்கிலாந்து 113-இல் சுருண்டது. ஸ்ரீ சரணிக்கு அது முதல் டி20. கடப்பாவிலிருந்து வந்த இடது கை சுழற்பந்து வீச்சாளர், வயது இருபது, 12 ஓட்டம் கொடுத்து 4 விக்கெட். பழக்கமில்லாத ஊர், பழக்கமில்லாத பிட்ச், முதல் ஆட்டம். இங்கே ஒன்றைச் சொல்லியே ஆக வேண்டும். டெஸ்ட் தொடர் என்றால் ஒரு ஆட்டத்தில் கற்றதை அடுத்ததற்குள் சரிசெய்துகொள்ள நாள் இருக்கும். இந்தத் தொடரில் பதினைந்து நாளில் ஐந்து ஊர்: நாட்டிங்ஹாம், பிரிஸ்டல், லண்டன், மான்செஸ்டர், பர்மிங்ஹாம். ஆட்டம், பஸ், ஹோட்டல், பயிற்சி, மறுபடி ஆட்டம். அந்தப் பெண் அதையெல்லாம் தாண்டித்தான் தொடரின் சிறந்த வீராங்கனையாக முடித்தார்.

•••

அக்கா, நான் இலங்கைத் தமிழன். எனக்கும் சொல்ல ஒன்று இருக்கிறது. 2023 செப்டம்பர் 2, இங்கிலாந்தின் செம்ஸ்ஃபர்ட். இங்கிலாந்துப் பெண்களோடு இலங்கைப் பெண்கள் ஆடிய மூன்று டி20-இல் இரண்டாவது. முதல் டி20-இல் ஹோவ் மைதானத்தில் மழை குறுக்கிட்டு இலங்கை தோற்றிருந்தது. அதற்கு முன் இங்கிலாந்துப் பெண்களை டி20-இல் இலங்கை ஒருமுறைகூட வென்றதில்லை. என்னோடு வந்த நண்பர்கள் "நல்லா ஆடினால் போதும்" என்றுதான் வந்தார்கள்.

இங்கிலாந்து 104-க்கு ஆட்டமிழந்தது. அப்புறம் எங்கள் கேப்டன் சமரி அத்தபத்து இறங்கி 55 அடித்தார். எட்டு விக்கெட் வித்தியாசத்தில் வெற்றி. பக்கத்தில் சிங்களக் குடும்பம் ஒன்று. அந்த அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார். நானும் அழுதேன். எங்கள் இரண்டு பேருக்கும் ஒருவர் பெயர் ஒருவருக்குத் தெரியாது. நான் வளர்ந்த காலத்தை நினைத்தால் அந்தக் கை எனக்குச் சின்ன விஷயமில்லை.

நாலு நாள் கழித்து டெர்பியில் மூன்றாவது ஆட்டம். வேலையை விட்டுப் போக முடியவில்லை, போனில்தான் பார்த்தேன். சமரிக்கு 3 விக்கெட், மட்டையில் 44. தொடர் 2–1 என்று இலங்கைக்கு. போகாமல் விட்டது இன்றைக்கும் உறுத்துகிறது.

•••

டெர்பி என்றதும் எழுதாமல் இருக்க முடியவில்லை தம்பி. 2006 ஆகஸ்ட் 5, அதே மைதானம். இந்தியப் பெண்கள் ஆடிய முதல் டி20 ஆட்டமே அங்கேதான், அதுவும் வெளிநாட்டுப் பயணத்தில். மிதாலி ராஜ் கேப்டன். இங்கிலாந்தை எட்டு விக்கெட்டில் வென்றார்கள். நான் அப்போது மாணவி. சும்மா ஒரு சனிக்கிழமை போனேன். எங்கே வேண்டுமானாலும் உட்காரலாம், அவ்வளவு இடம். ஆட்டம் முடிந்து வீராங்கனைகள் அவரவர் கிட் பையை அவரவரே தோளில் மாட்டிக்கொண்டு போனது நன்றாக நினைவிருக்கிறது. ஒருவரிடம் போய் "நல்லா ஆடினீங்க" என்றேன். "பார்க்க வந்ததுக்கு நன்றி" என்றார். அதைக் கேட்டு எனக்குக் கஷ்டமாக இருந்தது. நாட்டுக்கு ஆடுகிறவர் பார்க்க வந்ததற்கு நன்றி சொல்லும் நிலை.

2025 ஜூலை 4, அக்கா சொன்ன அதே தொடரின் மூன்றாவது ஆட்டத்துக்கு லண்டன் ஓவல் மைதானத்துக்கும் போனேன். இங்கிலாந்து விக்கெட் இழப்பின்றி 137, அப்புறம் மளமளவென்று விழுந்து 171. கடைசிப் பந்தில் நமக்கு ஆறு தேவை. ஹர்மன்பிரீத் தூக்கி அடித்தார், மிட் ஆஃபில் கேட்ச். ஐந்து ஓட்டத்தில் தோல்வி. தோற்ற பிறகும் சிலர் கயிற்றோரம் வந்து, நீட்டிய தொப்பி, பேட் எல்லாவற்றிலும் கையெழுத்துப் போட்டார்கள். வரிசையில் எனக்கு முன்னால் முப்பது நாற்பது பேர். பெரும்பாலும் சிறுமிகள். 2006-இல் நான் தனியாக நின்றேனே, அதுதான் மனதில் ஓடியது. என் முறை வருவதற்குள் அவர்களை பஸ்ஸுக்கு அழைத்துவிட்டார்கள். எனக்கு அதில் வருத்தமே இல்லை.

•••

மகளிடம் படித்துக் காட்டினேன். 2006-இல் நன்றி சொன்ன அந்த வீராங்கனை யார் என்று கேட்கிறாள். நினைவிருந்தால் சொல்லுங்கள், கடிதம் எழுத வேண்டுமாம்.