அம்மாவின் புடவைகளில் தைத்த போர்வை: அக்கா அதைப் பீரோவில் வைத்துப் பூட்டிவிட்டாள்

வைகைக்கரை கேட்கிறார்:

என் அம்மா தவறி இரண்டு ஆண்டுகள் ஆகின்றன. நாங்கள் மூன்று பேர்: கோயம்புத்தூரில் இருக்கும் அக்கா, மதுரையில் இருக்கும் நான், ஓசூரில் வேலை பார்க்கும் தம்பி. தலைத்திவசம் முடிந்த பிறகு பட்டுப்புடவைகளை உறவினர்கள் ஆளுக்கொன்றாக எடுத்துக்கொண்டார்கள். அம்மா தினமும் உடுத்திய பருத்திப் புடவைகளை யாரும் கேட்கவில்லை. அவற்றில் பெரும்பாலானவை சுங்குடி. துவைத்துத் துவைத்துப் பூப்போல மென்மையாகிவிட்ட அந்தப் புடவைகளை எடுத்துக் கொடுக்கவும் மனம் வராமல், அப்படியே வைத்திருக்கவும் முடியாமல், ஏழு புடவைகளை அக்காவுக்கு ஒரு போர்வையாகத் தைத்துத் தரலாம் என்று முடிவு செய்தேன்.

ஆறு அங்குலச் சதுரங்களாகப் புடவைக்கு இருபது வீதம் 140 துண்டுகள் வெட்டினேன். அவற்றைக் குறுக்கே பத்தும் நீளத்தில் பதினான்குமாக இணைத்து, நடுவில் அப்பாவின் பழைய வேட்டிகளை வைத்து, அடியில் அம்மாவின் வெள்ளைப் புடவை ஒன்றைக் கொடுத்து, முழுக்கக் கையாலேயே ஓட்டத் தையல் போட்டேன். வேலை முடிய நான்கு மாதங்கள் ஆயின. இரவில் எல்லோரும் உறங்கிய பிறகு உட்கார்ந்து தைத்த அந்த நான்கு மாதங்களில்தான், அம்மா போன பிறகு முதல்முறையாக, எனக்கு நிம்மதியான தூக்கம் வந்தது.

அக்காவின் பிறந்தநாளன்று நேரில் கொண்டுபோய்க் கொடுத்தேன். அவள் பிரித்துப் பார்த்தாள், நடுவில் ஓரிடத்தை ஒரே ஒரு முறை தொட்டாள், பிறகு மடித்து உள்ளே எடுத்துச் சென்று பீரோவில் வைத்துப் பூட்டினாள். எட்டு மாதங்கள் ஆகிவிட்டன. அதைப் பற்றி அவள் ஒரு வார்த்தைகூடப் பேசவில்லை. வாரம் இரண்டு முறை தொலைபேசியில் பேசிக்கொள்கிறோம், சமையல் முதல் பிள்ளைகளின் படிப்பு வரை எல்லாம் பேசுகிறோம், ஆனால் அந்தப் போர்வை எங்களுக்கு நடுவில் பேசாப் பொருளாகவே இருக்கிறது. நான் செய்தது தவறா? தம்பிக்கும் ஒன்று தைக்கலாம் என்று புடவைகளை எடுத்து வைத்திருக்கிறேன். இப்போது கத்தரிக்கோலைத் தொடவே பயமாக இருக்கிறது.

மலைச்சாரல் எழுதுகிறார்:

நீங்கள் கொடுத்த இடத்தில் இருந்து கேட்கிறீர்கள். நான் வாங்கிய இடத்தில் இருந்தவள் என்பதால் அந்தப் பக்கத்தைச் சொல்கிறேன்.

என் கணவர் இறந்த மறு ஆண்டு, அவருடைய சட்டைகளைக் கொண்டு என் நாத்தனார் ஒரு போர்வை தைத்துக் கொண்டுவந்தார். நாங்கள் இருப்பது கொடைக்கானலில், ஆகவே போர்வை இங்கே வெறும் அலங்காரப் பொருள் அல்ல. ஆனாலும் ஒன்றரை ஆண்டுகளுக்கு மேல் அதை நான் விரிக்கவில்லை. நாத்தனார் மீது எனக்குக் கோபம் இருந்தது என்பதை இன்று ஒப்புக்கொள்வதில் வெட்கமில்லை. தைப்பதற்கு முன் எல்லாச் சட்டைகளையும் சோப்புப் போட்டு அலசிக் கஞ்சியும் போட்டிருந்தார். தையல் வேலைக்கு அது சரியான முறைதான். ஆனால் அந்தச் சட்டைகளில் எஞ்சியிருந்த அவருடைய வாசனை அதோடு போய்விட்டது. அதை நான் யாரிடமும் சொல்லவில்லை. அவ்வளவு உழைத்துச் செய்தவரிடம் எப்படிச் சொல்வது?

ஒரு மார்கழி இரவில் மகளுக்குக் காய்ச்சல் வந்து குளிரில் நடுங்கினாள். கைக்குக் கிடைத்த கம்பளிகளையெல்லாம் போர்த்தியும் போதாமல், அலமாரியில் இருந்த அந்தப் போர்வையையும் எடுத்து மேலே போட்டேன். விடியற்காலையில் பார்த்தபோது, குழந்தை உறக்கத்திலேயே ஒரு துண்டில் இருந்த பொத்தான் துளைக்குள் சுண்டுவிரலை நுழைத்துக்கொண்டு படுத்திருந்தாள். நாத்தனார் பொத்தான்களை மட்டும் எடுத்துவிட்டு, துளைகளை அப்படியே விட்டுத் தைத்திருந்தார் என்பதை அப்போதுதான் கவனித்தேன். என் கணவர் அவளை மடியில் வைத்துக்கொண்டு உட்காரும்போது அவள் அவருடைய சட்டைப் பொத்தான்களைத் திருகிக்கொண்டே இருப்பாள். நான் வெகுநேரம் அழுதேன். அன்றே நாத்தனாரைத் தொலைபேசியில் அழைத்து, வாசனையைப் பற்றியும் சொன்னேன், துளையைப் பற்றியும் சொன்னேன்.

ஆகவே, எட்டு மாதம் என்பது நீண்ட காலம் அல்ல. உங்களுக்குத் தைக்க நான்கு மாதங்கள் கிடைத்தன, ஒவ்வொரு துண்டோடும் உட்கார்ந்து அழுது முடிக்க நேரம் கிடைத்தது. உங்கள் அக்காவுக்கு அது முழுவதும் ஒரே நிமிடத்தில், ஒரு பிறந்தநாளன்று, எல்லோர் முன்னிலையிலும் கையில் வந்து விழுந்திருக்கிறது.

முத்தா ஆற்றங்கரை எழுதுகிறார்:

நான் முப்பது ஆண்டுகளாகப் புணேயில் வசிக்கிறேன். இங்கே பழைய புடவைகளை அடுக்கித் தைக்கும் போர்வையைக் ‘கோதடி’ என்பார்கள். பாட்டியின் கோதடி என்று சொன்னாலே மராட்டியர்கள் முகம் மாறிவிடும். அதன் கதகதப்பைக் குறிக்க ‘ஊப்’ என்று ஒரு சொல் வைத்திருக்கிறார்கள், உடம்புக்கான சூட்டையும் மனத்துக்கான சூட்டையும் அந்த ஒரே சொல்லால் சொல்வார்கள். வங்காளத்தில் இதையே காந்தா என்கிறார்கள். நம் ‘கந்தை’யும் அந்தக் ‘காந்தா’வும் ஒரே வேரில் இருந்து வந்த சொற்கள். பழைய புடவையின் கரையில் இருந்து வண்ண நூலை உருவி, அந்த நூலாலேயே அந்தப் புடவையைத் தைக்கும் வழக்கம் அங்கே இருந்தது. நாம் கந்தை என்று சொல்லி ஒதுக்கியதை அவர்கள் பேரப்பிள்ளையைச் சுற்றும் துணியாக்கினார்கள். நம் வீடுகளிலும் பிறந்த குழந்தைக்குப் புதுத்துணி ஆகாது என்று பாட்டியின் பழம்புடவையில்தானே தூளி கட்டினோம்?

கத்தரிக்கோலைத் தொடப் பயமாக இருக்கிறது என்று எழுதியிருக்கிறீர்கள். அதைத் தொடவே வேண்டியதில்லை. ஐந்தரை மீட்டர் புடவையை நீளவாட்டில் மூன்றாக மடியுங்கள். ஆறடி நீளமும் ஏறத்தாழ மூன்றே முக்கால் அடி அகலமும் கொண்ட, மூன்று அடுக்குள்ள துணி கிடைக்கும். ஓர் ஆள் போர்த்திக்கொள்ள அது போதும். இன்னும் கனமாக வேண்டுமானால் இரண்டாவது புடவையையும் அதேபோல் மடித்து உள்ளே வைத்துக்கொள்ளலாம். ஓரத்தில் இருந்து தொடங்கி இணை கோடுகளாக ஓட்டத் தையல் போட்டுக்கொண்டே போங்கள். சுங்குடியில் இன்னொரு வசதி உண்டு: முடிச்சுப் போட்டுச் சாயம் தோய்த்த அந்தப் புள்ளி வரிசையே உங்கள் ஊசிக்குக் கோடு போட்டுக் கொடுக்கும். பத்து ஆண்டுகள் கழித்துத் தையலைப் பிரித்தால், முந்தானை முந்தானையாகவே இருக்கும். ஆறு அடுக்குக்கு மேல் மட்டும் போகாதீர்கள், கை ஊசி இறங்காது, நனைந்தால் ஒருவரால் தூக்கிப் பிழியவும் முடியாது. சரிகைக் கரை இருந்தால் அதை உள்மடிப்பில் தள்ளிவிடுங்கள், கன்னத்தில் உரசும்.

வட கன்னட மாவட்டத்தில் எல்லாப்பூர் பக்கம் வாழும் சித்திகள், ஆப்பிரிக்க வம்சாவளியினர், ‘கவந்தி’ என்று ஒரு போர்வை தைப்பார்கள். விளிம்பில் தொடங்கிச் சுற்றிச் சுற்றி நடுவை நோக்கி வரும் தையல் அது. நான்கு மூலைகளிலும் துணியை முக்கோணமாக மடித்து வைத்துத் தைப்பார்கள், அதற்குப் ‘பூலா’ என்று பெயர், பூ என்று பொருள். பயன் ஒன்றும் இல்லாத சிறு மடிப்புதான். ஆனால் அது இல்லாத போர்வையை அம்மணமான போர்வை என்று சொல்வார்களாம். தம்பிக்குத் தைத்தால் நான்கு மூலைக்கும் பூ வையுங்கள்.

காவிரி மூத்தவள் எழுதுகிறார்:

மேலே எழுதிய இருவரையும் மதிக்கிறேன். ஆனாலும் ஒரு மாற்றுக் கருத்தைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை.

எங்கள் குடும்பத்திலும் இது நடந்தது. என் தம்பி மனைவி மிக நல்ல பெண், தையலில் கைதேர்ந்தவள். எங்களைக் கேட்காமலேயே அம்மாவின் புடவைகளை வெட்டி ஆளுக்கொரு போர்வை தைத்துத் தீபாவளிக்குக் கொடுத்தாள். அவளைப் பொறுத்தவரை அது அன்பு. என்னைப் பொறுத்தவரை, ஆறு முழுப் புடவைகளாக இருந்த அம்மா நூற்றுக்கணக்கான துண்டுகளாகிக் கைக்கு வந்திருந்தார். இன்னொரு முறை அம்மா இறந்தது போலிருந்தது என்று சொன்னால் மிகையல்ல. வாய் திறந்து நன்றி சொன்னேன். அந்த நன்றியில் உண்மை இல்லை என்பது அவளுக்கும் தெரிந்துவிட்டது. இருவருக்கும் இடையில் அன்று விழுந்த சிறு விரிசல் அடைபட நெடுநாள் ஆயிற்று.

இதோடு இன்னொன்றும் உண்டு. இறந்தவர் துணியை வீட்டில் வைக்கக் கூடாது, தானமாகக் கொடுத்துவிட வேண்டும் என்பதைப் பல குடும்பங்கள் இன்றும் கடைப்பிடிக்கின்றன. அதை மூடநம்பிக்கை என்று தள்ளிவிட வேண்டாம். துணியைக் கொடுத்து அனுப்புவது சிலருக்குத் துக்கத்தை முடித்துவைக்கும் செயல். அக்காவின் புகுந்த வீட்டார் என்ன நினைக்கிறார்கள் என்று உங்களுக்குத் தெரியுமா? தங்கைக்காகப் போர்வையையும் விட்டுக்கொடுக்காமல், வீட்டாருக்காக அதை விரிக்காமலும், பீரோவுக்குள் வைத்து அவள் காப்பாற்றிக்கொண்டிருக்கக் கூடும்.

போர்வை தைத்தது தவறல்ல. கேட்காமல் தைத்ததுதான் குறை. கேட்டுவிட்டால் ஆச்சரியம் போய்விடும் என்று நினைத்திருப்பீர்கள். துக்கம் உள்ள வீட்டில் ஆச்சரியத்துக்கு இடம் குறைவு.

நூல்கண்டு எழுதுகிறார்:

அமெரிக்காவில் அலபாமா மாநிலத்தில், ஆறு வளைந்து மூன்று பக்கமும் சூழ்ந்த ஜீஸ் பெண்ட் என்ற ஊர் உண்டு. அடிமைகளாகக் கொண்டுவரப்பட்டவர்களின் சந்ததியினரான அவ்வூர்ப் பெண்கள் தைத்த போர்வைகள் 2002-இல் ஹூஸ்டன் கலை அருங்காட்சியகத்திலும் பிறகு நியூயார்க்கின் விட்னி அருங்காட்சியகத்திலும் ஓவியங்களைப்போலச் சுவரில் தொங்கின. அவற்றில் ஒன்றை மிசௌரி பெட்வே என்ற பெண் 1942-இல் தைத்தார். கணவர் இறந்த துக்கத்தில், அவர் வயலில் உழைத்தபோது அணிந்திருந்த உடைகளையே எடுத்துத் தைத்தார். அவரை நினைத்துக்கொள்ளவும், அன்புக்காக அதைப் போர்த்திக்கொள்ளவும் அப்படிச் செய்யப்போவதாக அம்மா சொன்னார் என்று அவருடைய மகள் அர்லோன்சியா பின்னாளில் நினைவுகூர்ந்தார். அந்த ஊரில் வேலை உடைகளைக் கொண்டு தைத்த போர்வைகளில், சட்டைப்பை இருந்த இடத்தில் துணி வெளுக்காமல் அடர்ந்த நிறத்தோடு நிற்கும். பையைப் பிரித்தெடுத்தாலும் அதன் நிழல் போகாது.

நான் இதைச் சொல்லும் காரணம் வேறு. அந்த உடைகளைப் பிரித்துக் கொடுத்தவள் அந்த மகள்தான். துணி கிழிபடும்போது அவளும் உடன் இருந்தாள். காவிரி மூத்தவள் சொன்ன அந்த இரண்டாம் மரணம் அவளுக்கு நேராமல் போனது அதனால்தான் என்று நினைக்கிறேன். நீங்கள் நான்கு மாதங்கள் தனியாகத் தைத்துத் தேறினீர்கள். தேறுதல் தைத்தவருக்குக் கிடைத்துவிட்டது, வாங்கியவருக்குத் தேறிய பிறகான பொருள் மட்டும் கிடைத்தது. தம்பியின் போர்வைக்கு அவரையே கூப்பிடுங்கள். ஊசி பிடிக்கத் தெரியாவிட்டால் என்ன, எந்தப் புடவை மேலே வர வேண்டும் என்று அவர் சொல்லட்டும்.

வைகைக்கரை மீண்டும் எழுதுகிறார்:

அனைவருக்கும் நன்றி. காவிரி மூத்தவளின் பதிலைப் படித்த அன்று எனக்கு உறக்கம் இல்லை. மறுநாள் அக்காவை அழைத்து, சுற்றி வளைக்காமல் கேட்டேன்.

கொஞ்ச நேரம் அவள் பேசவே இல்லை. பிறகு, “நடுவிலே அந்த நீலத்தை ஏண்டி வச்சே?” என்றாள். எனக்கு ஒன்றும் புரியவில்லை. அம்மாவை மருத்துவமனைக்குக் கொண்டுபோன அன்று அம்மா உடுத்தியிருந்தது அந்த நீலச் சுங்குடிதான் என்பது எனக்குத் தெரியாது. நான் அப்போது ஊரில் இல்லை. அவசரச் சிகிச்சைப் பிரிவின் வாசலில் அதைக் கழற்றி ஒரு பிளாஸ்டிக் பையில் போட்டு அக்காவின் கையில்தான் கொடுத்திருக்கிறார்கள். அவள்தான் அதை இரவோடு இரவாகத் துவைத்துக் காயப்போட்டு மடித்து வைத்திருக்கிறாள். நானோ, இருப்பதிலேயே அழகான நிறம் என்று அதன் இருபது துண்டுகளையும் போர்வையின் நடுவில் பூவைப்போல அமைத்தேன். முதல்நாள் அவள் தொட்ட இடம் அதுதான்.

புகுந்த வீட்டில் யாரும் எதுவும் சொல்லவில்லையாம். மாமியார்தான், பாச்சா உருண்டை வைக்காதே, பருத்தி வீணாகிவிடும் என்று சொல்லி வேப்பிலையைக் காயவைத்துக் கொடுத்தாராம். மாதம் ஒருமுறை அக்கா அதை வெளியே எடுத்து, மடிப்பை மாற்றி மடித்து மீண்டும் வைப்பாளாம். போர்த்திக்கொள்ள மட்டும் முடியவில்லை என்றாள். எட்டு மாதங்களாக என் மனம் நோகும் என்று அவள் சொல்லவில்லை, அவள் மனம் நோகும் என்று நான் கேட்கவில்லை.

அந்த இருபது துண்டுகளையும் பிரித்து எடுத்துவிடுவோமா என்று நான்தான் கேட்டேன். யோசித்துவிட்டுச் சரி என்றாள். அம்மா கடைசியாகக் கோவைக்குப் போயிருந்தபோது அவள் வீட்டுக் கொடியில் மறந்து விட்டுவந்த கத்தரிப்பூ நிறப் புடவை ஒன்று அவளிடம் இருக்கிறது. அதை நடுவில் வைக்கலாம் என்றாள். அதையும் வெட்ட வேண்டுமே என்றேன். “நானே வெட்டுறேன்” என்றாள்.

தம்பியிடமும் பேசினேன். அவனுக்குப் போர்வை வேண்டாமாம். அம்மா அரிசி புடைக்கும்போது இடுப்பில் செருகிக்கொள்ளும் அந்தப் பச்சைப் புடவையை மட்டும் வெட்டாமல் முழுதாகத் தரச் சொன்னான். எடுத்து வைத்துவிட்டேன். அக்கா சனிக்கிழமை வருகிறாள். நீலத் துண்டுகளைச் சுற்றியுள்ள தையலைப் பிரிக்கக் கூர்மையான சிறிய கத்தரியாக ஒன்று வாங்கி வைக்கச் சொல்லியிருக்கிறாள்.