வார்டில் படுத்திருப்பவருக்கே ஸ்ட்ரோக் (பக்கவாதம்) வந்தால் உங்கள் இடத்தில் என்ன செய்கிறீர்கள்?

இரவுமிஸ்ஸி:
சிங்கப்பூரில் எலும்பு வார்டில் எட்டு வருடமாக நர்ஸ். போன மாதம் நடந்தது இன்னும் மனதைவிட்டுப் போகவில்லை. இடுப்பு எலும்பு அறுவை சிகிச்சை முடிந்து மூன்றாம் நாள், 78 வயதுத் தாத்தா. தமிழ் மட்டும்தான் பேசுவார். காலை 5 மணிக்கு பிரஷர் பார்க்கப் போன சக நர்ஸிடம் ஏதோ சொல்லியிருக்கிறார். அவளுக்குத் தமிழ் தெரியாது. குழறலும் அவள் காதுக்குத் தமிழாகவே கேட்டது. அடுத்த கட்டிலருகே நின்ற எனக்குத்தான் "தண்ணி" என்பது "தஞ்ஞி" என்று விழுந்தது. போய்ப் பார்த்தால் வாய் ஒரு பக்கம் இழுத்திருக்கிறது, தலையணை உறையில் எச்சில் ஈரம். அவள் கையில் தண்ணீர்க் கோப்பை! நல்லவேளை, புரையேறும் முன் தடுத்துவிட்டேன்.

டாக்டர் கேட்ட முதல் கேள்வி: "கடைசியாக எப்போது நன்றாக இருந்தார்?" 2 மணிக் குறிப்பில் "தூங்குகிறார்" என்றிருந்தது. தூங்கினால் நன்றாக இருந்தார் என்றாகுமா? மாத்திரை வாங்கிக்கொண்டு என்னிடம் பேசியது இரவு 10.15. கணக்கு அங்கிருந்துதான். கிட்டத்தட்ட ஏழு மணி நேரம் போய்விட்டது. அதன் பிறகும் சிடி ஸ்கேனுக்குப் போக 40 நிமிடம். இதே தாத்தா தேக்கா மார்க்கெட்டில் விழுந்திருந்தால் யாராவது உடனே 995-ல் ஆம்புலன்ஸைக் கூப்பிட்டிருப்பார்கள். எங்கள் கண்ணெதிரே படுத்திருந்தவருக்குத்தான் தாமதம்.

அவசரப்பிரிவு_அண்ணன்:
தங்கச்சி, எங்கள் இடத்தில் நர்ஸே ஸ்ட்ரோக் டீமை நேராகக் கூப்பிடலாம், வார்டு டாக்டருக்காகக் காத்திருக்க வேண்டாம். கையோடு சர்க்கரை பாருங்கள். சர்க்கரை இறங்கினாலும் அப்படியே ஸ்ட்ரோக் மாதிரி இருக்கும். அப்புறம், "இப்போதுதான் ஆபரேஷன் ஆனவர், இனி என்ன செய்ய" என்று யாரும் கையை விரிக்கக் கூடாது. ரத்தக்கட்டியைக் கரைக்கும் ஊசிக்குப் பொதுவாகக் கடைசியாக நன்றாக இருந்த நேரத்திலிருந்து 4.5 மணி நேரம்தான், பெரிய அறுவை சிகிச்சை ஆன புதிதில் பெரும்பாலும் போடவும் மாட்டார்கள். ஆனால் பெரிய ரத்தக்குழாய் அடைத்திருந்தால் தொடை வழியாகக் குழாய் விட்டுக் கட்டியை எடுக்கலாம். அதற்கு வழக்கமாக 6 மணி நேரம், ஸ்கேனில் காப்பாற்றக்கூடிய மூளைப் பகுதி தெரிந்தால் சிலருக்கு 24 வரைகூட.

யீஷூன்மருமகள்:
என் மாமியாரும் தமிழ் மட்டும்தான். "வாழைப்பழம்" சொல்லச் சொல்லிப் பார்க்கலாமா?

அவசரப்பிரிவு_அண்ணன்:
அய்யோ வேண்டாம். எங்கள் வீட்டில் நல்லா இருப்பவர்களுக்கே ழ வராது! நேற்றுப் பேசியதற்கும் இன்றைக்கும் வித்தியாசம் தெரிகிறதா என்பதுதான் கேள்வி. டீமைக் கூப்பிட்டுவிட்டு, அவர்கள் வருவதற்குள் வீட்டுக்கு வீடியோ கால் போடுங்கள். மகளுக்கு ஒரு வார்த்தையில் தெரிந்துவிடும். சிரிக்கச் சொல்வதற்கும் இரண்டு கையையும் தூக்கச் சொல்வதற்கும் மொழியே வேண்டாம், நாம் செய்து காட்டினால் போதும்.

இரவுமிஸ்ஸி:
நன்றி அண்ணா. தாத்தாவுக்குக் கட்டியை எடுத்தார்கள். பேச்சு திரும்பிவிட்டது, இடது கை இன்னும் சரியாகவில்லை. ஷிப்ட் மாற்றும் தாளில் "கடைசியாகப் பேசிய நேரம்" என்று ஒரு கட்டம் போட மேனேஜர் சரி சொல்லிவிட்டார். நேற்று 2 மணிக்கு எழுப்பியதற்கு ஓர் ஆச்சி என்னைத் திட்டித் தீர்த்தார். தெளிவாகத்தான் திட்டினார், நேரத்தைக் குறித்துக்கொண்டேன்.