"எல்லாம் எடுத்துவிட்டோம்" என்றார்கள், பிறகு எதற்கு ரேடியேஷன்?

அப்பாவுக்கு மூளையில் வலது பக்கம் கட்டி. அறுவை சிகிச்சை முடித்து வெளியே வந்த டாக்டர், "ஸ்கேனில் தெரிந்ததை எல்லாம் எடுத்துவிட்டோம்" என்றார். எங்கள் காதில் விழுந்தது கடைசி இரண்டு வார்த்தைகள் மட்டும்தான். அம்மா அன்றைக்கே ஊருக்கெல்லாம் போன் போட்டுச் சொல்லிவிட்டார்.

பயாப்சி முடிவு கிளியோபிளாஸ்டோமா, கிரேடு 4 என்று வந்தது. மூளையிலேயே தொடங்கும் புற்றுநோய், கிரேடுகளில் மிகத் தீவிரமானது. ஆறு வாரத்தில் 30 தடவை ரேடியேஷன், கூடவே டெமோசோலோமைட் என்ற கீமோ மாத்திரை. "எடுத்தாயிற்றே, அப்புறம் எதற்கு?" என்று அம்மா கேட்டதற்கு யாரும் உட்கார்ந்து பதில் சொல்லவில்லை. அந்தக் கோபம் எனக்கு இன்னும் இருக்கிறது.

கடைசியில் ரேடியேஷன் பிரிவில் ஓர் இளம் டாக்டர் தாளில் படம் போட்டுக் காட்டினார். இந்தக் கட்டிக்கு ஓரம் என்று ஒன்று கிடையாதாம். மற்ற புற்றுநோய்கள் போல ரத்தத்தில் ஏறி வேறு உறுப்புக்குப் போவது மிக அபூர்வம். இதன் செல்கள் மூளைக்குள்ளேயே ஊர்ந்து போகின்றன, நரம்பு இழைகளின் கட்டுகளை ஒட்டியும் ரத்தக் குழாய்களின் வெளிச்சுவரைப் பிடித்துக்கொண்டும். வழியில் அடைப்பு இருந்தால் நொதிகளைச் சுரந்து கரைக்கும். இடுக்கு குறுகலாக இருந்தால் உள்ளே இருக்கும் குளோரைடையும் நீரையும் வெளியே தள்ளி, உடம்பைச் சுருக்கிக்கொண்டு நுழையும். ஸ்கேனில் மருந்து ஏறி வெள்ளையாகத் தெரிவது ரத்தக் குழாய்கள் கசியும் இடம்தான். அதைத் தாண்டிப் போன செல்கள் அதில் தெரியாது. 1928-லேயே வால்டர் டேண்டி என்ற அமெரிக்க அறுவை நிபுணர் மூளையின் வலது பாதியையே எடுத்துப் பார்த்தாராம். அப்போதும் கட்டி திரும்பியது.

அப்பா விவசாயி. படத்தையே பார்த்துக்கொண்டிருந்தவர், "அருகம்புல் மாதிரியா?" என்றார். டாக்டர் தலையாட்டினார். 'ஆல்போல் தழைத்து அருகுபோல் வேரூன்றி' என்ற கல்யாண வாழ்த்தைச் சொல்ல அதற்குப் பிறகு எனக்கு வாய் வரவில்லை.

பதினோராவது மாதம் திரும்ப வந்தது. பெரும்பாலும் பழைய இடத்துக்கு இரண்டு சென்டிமீட்டருக்குள்தான் வருமாம். அப்பாவுக்கு அங்கேயும் வந்தது, இரு பாதிகளையும் இணைக்கும் இழைப்பாலம் வழியாக இடது பக்கமும் போயிருந்தது.

அம்மாவைப் பார்த்துக்கொள்ளும் ஒரு மகள்:
எங்கள் அம்மாவுக்கு இருந்தது மெனிஞ்சியோமா, மூளையை மூடியிருக்கும் உறையில் வரும் கட்டி. அது மூளையை அமுக்கிக்கொண்டு தனி உருண்டையாக வளர்ந்திருந்தது, உள்ளே ஊடுருவவில்லை. எடுத்து எட்டு வருடம் ஆகிறது, நன்றாக இருக்கிறார். வீட்டில் இரண்டுக்கும் 'கட்டி' என்ற ஒரே சொல்தான். அதனாலேயே எங்கள் சொந்தத்தில் இன்னொருவருக்கு கிளியோமா (உங்கள் அப்பாவுக்கு வந்த வகைக் கட்டி) வந்தபோது நான் தவறான தைரியம் சொல்லிவிட்டேன்.

அறுவை அரங்கில் வேலை செய்யும் ஒருவர்:
அண்ணா, நான் நர்ஸ். சில நோயாளிகளுக்கு முன்கூட்டியே 5-ஏஎல்ஏ என்ற மருந்தைக் குடிக்கக் கொடுப்போம். மைக்ரோஸ்கோப்பில் நீல ஒளி போட்டால் கட்டி இளஞ்சிவப்பாக ஒளிரும். நடுவில் பளிச்சென்று இருக்கும், ஓரத்துக்குப் போகப் போக வெளிறும், பிறகு ஒன்றும் தெரியாது. ஆனால் அங்கேயும் செல்கள் இருக்கும். ஒருவரை விழிக்க வைத்துப் பேச்சுப் பகுதிக்குப் பக்கத்தில் அறுவை நடந்தது. படங்களைக் காட்டிப் பெயர் கேட்டுக்கொண்டிருந்தோம். 'குடை' படத்துக்கு வாய் திறந்தார், சொல் வரவில்லை. டாக்டர் கையை எடுத்துவிட்டார். வெளிர் சிவப்பு இன்னும் தெரிந்துகொண்டுதான் இருந்தது.

முதல் பதிவை எழுதியவன்:
தங்கச்சி, நன்றி. அப்பாவுக்கும் கொஞ்சம் விட்டுத்தான் எடுத்திருப்பார்கள் என்று இப்போது புரிகிறது. ரேடியேஷன் முடிந்து ஏழு மாதம் அவரே மோட்டார் போட்டு வயலுக்குத் தண்ணீர் பாய்ச்சினார். எங்கள் எல்லோரையும் பெயர் சொல்லிக் கூப்பிட்டார்.