பத்தாம் வகுப்பு ஆங்கிலத் தேர்வுக்கு நம் கரைப் பிள்ளைகள் பழகிய விதம்: அனுபவப் பகிர்வு

பாம்பனிலிருந்து

எங்கள் வீட்டுத் திண்ணையில் மாலை ஆறு மணிக்குப் பத்தாம் வகுப்புப் பிள்ளைகள் ஆறு பேர் வந்து உட்காருவார்கள். எல்லோரும் தமிழ் வழி. நான் அரசின் மாலை வகுப்புத் திட்டமான இல்லம் தேடிக் கல்வியில் தன்னார்வலராக இருந்தபோது சின்ன வகுப்பில் என்னிடம் படித்தவர்கள்தான். கணக்கையும் அறிவியலையும் எப்படியோ சமாளித்துவிடுவார்கள். ஆங்கிலப் புத்தகத்தை எடுத்தால் மட்டும் முகம் வாடிவிடும். கையேட்டில் இருக்கும் பத்தியை அப்படியே மனப்பாடம் செய்வார்கள், ஒரு சொல் மறந்தால் மொத்தமும் நின்றுவிடும்.

போன ஜனவரியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை நடந்ததைச் சொல்கிறேன். கடைக்குப் போய்த் திரும்பும்போது வடநாட்டுக் குடும்பம் ஒன்று காரை நிறுத்தி, விவேகானந்தர் நினைவிடத்துக்கு எப்படிப் போவது என்று கேட்டது. 1897 ஜனவரியில் இலங்கையிலிருந்து வந்த சுவாமி கரையிறங்கிய குந்துகாலைத்தான் கேட்கிறார்கள். என்னோடு வந்த பிள்ளை, அவளும் என் ஆறு பேரில் ஒருத்தி, சட்டென்று "சோழகப் பக்கமா போங்க" என்றாள். அவள் தாத்தா கடலுக்குப் போனவர். அவருக்கு வடக்கு வாடை, தெற்கு சோழகம், மேற்கு கச்சான். இவளுக்கும் அதுவே வாயில் வந்துவிட்டது. கார்க்காரர் விழித்தார். அப்புறம் கையை நீட்டி, "ரைட் கோ, ஸ்ட்ரெய்ட் கோ, சீ கமிங், ஸ்டாப்" என்று சொல்லி முடித்தாள். அவர்கள் சிரித்த முகமாக நன்றி சொல்லிவிட்டுச் சரியான பாதையில் திரும்பிப் போனார்கள்.

அன்று இரவு மாதிரித் தேர்வு வைத்தேன். வரைபடத்தைப் பார்த்து வழி சொல்லும் இரண்டு மதிப்பெண் கேள்வியை அவள் எழுதவே இல்லை, இடம் வெறுமையாக இருந்தது. சாயங்காலம் ஒரு குடும்பத்துக்கே வழி காட்டியவள்! "ஏன்டி எழுதல?" என்று கேட்டேன். "அது வேற, இது வேற அக்கா" என்றாள். அந்தப் பதில் என்னை ரொம்ப நாள் தூங்கவிடவில்லை.

மறுநாள் புத்தகத்தை மூடி வைத்துவிட்டு, திண்ணையில் சாக்பீஸால் எங்கள் ஊரையே வரைந்தேன். பேருந்து நிறுத்தம், ரயில் நிலையம், பள்ளி, குந்துகால் சாலை எல்லாம் வந்தன. ஒருவர் வழி கேட்க வேண்டும், இன்னொருவர் சொல்ல வேண்டும், கேட்டவர் கோட்டின் மேல் விரலை நகர்த்த வேண்டும். சொன்னது தப்பாக இருந்தால் விரல் கடலுக்குள் போய்விடும். விரல் நகர நகர ஒன்று புரிந்தது. பிள்ளைகளுக்குச் சொல் தெரியாமல் இல்லை, வரிசைதான் இடிக்கிறது. நாம் "பள்ளிக்கூடத்தைத் தாண்டி வலது பக்கம் திரும்புங்க" என்போம். இடம் முதலில் வரும், வினை கடைசியில் வரும். அவர்களும் "ஸ்கூல் பாஸ்ட் ரைட் டர்ன்" என்று அதே வரிசையில் எழுதுகிறார்கள். "வினையைக் கொண்டுவந்து வாசலில் நிறுத்து" என்று சொல்லிக்கொடுத்தேன். கோ, டர்ன், டேக், வாக் ஆகிய நாலும் வாசலில் நிற்க வேண்டும். நமக்கு இடத்துக்குப் பின்னால் வரும் "தாண்டி", "ஓரமாக", "எதிரே" எல்லாம் அங்கே இடத்துக்கு முன்னால் வந்துவிடும். "வாக் அலாங் த ஷோர்" என்று ஒரு பையன் கரையோரக் கோட்டில் விரலை ஓட்டியபடி சொன்னபோது, பக்கத்தில் இருந்தவன் "அலாங்னா ஓரமாவே போறது, அக்ராஸ்னா கடந்து போறது, சரியா அக்கா?" என்று தானே கண்டுபிடித்தான்.

படம் பார்த்து ஐந்து வாக்கியம் எழுதும் கேள்விக்கு வெளியே போனோம். பாம்பனில் இதற்குப் பஞ்சமா? சாலைப் பாலத்தில் ஏறி நின்றால் ஒரு பக்கம் முழுக்க ரயில் பாலம். 2025 ஏப்ரலில் திறந்த புதிய பாலத்தில் நடுவில் இருக்கும் 72.5 மீட்டர் நீளப் பகுதி அப்படியே செங்குத்தாக மேலே ஏறும். 1914இல் திறந்த பழைய பாலம் இரண்டாகப் பிரிந்து விரிந்தது, ஆட்கள் கையால் சுற்றித்தான் திறந்தார்கள். "த பிரிட்ஜ் இஸ் ரெய்சிங்" என்று ஒருத்தி சொன்னாள். ரைஸ், ரெய்ஸ் இரண்டும் அங்கேதான் குழம்பும். இந்த இடத்தில் எனக்குக் கைகொடுத்தது தமிழ் இலக்கணம். தன்வினை, பிறவினை எல்லோரும் படித்ததுதானே? பாலம் எழுகிறது, அது ரைஸ். ஆட்கள் பாலத்தை எழுப்பினார்கள், அது ரெய்ஸ். லை, லே இரண்டுக்கும் கிட, கிடத்து. ஆறு பேரும் ஒரே மூச்சில் பிடித்துக்கொண்டார்கள். ஆங்கிலத்துக்குத் தமிழ் தடை என்று நினைத்துக்கொண்டிருந்த பிள்ளைகள் அவர்கள். அன்று அந்த முகங்களைப் பார்த்திருக்க வேண்டும்.

குந்துகாலுக்கு வழி சொன்ன பிள்ளை அடுத்த திருப்புதல் தேர்வில் இரண்டுக்கு இரண்டு வாங்கினாள். உங்கள் ஊரில் நீங்கள் என்ன செய்தீர்கள்? எழுதுங்கள்.

தங்கச்சிமடத்திலிருந்து

தங்கச்சி, நான் ஐந்தாவது வரைதான் படித்தேன். நான் சொல்லச் சொல்ல மகள் எழுதுகிறாள். எங்கள் விசைப்படகு திங்கள், புதன், சனி கடலுக்குப் போகும், மறுநாள் காலை திரும்பும். அதனால் செவ்வாயும் வெள்ளியும் ராத்திரி வீட்டில் இருப்பேன். வலையின் கிழிசலைப் பொத்திக்கொண்டு இருக்கும்போது மகள் பக்கத்தில் உட்கார்ந்து படிப்பாள்.

எனக்கு ஆங்கிலம் தெரியாது என்றுதான் நினைத்திருந்தேன். ஒருநாள் அவள் படகுக்கு வந்தபோது ஜிபிஎஸ் பெட்டியைக் காட்டினேன். ஸ்பீட், கோர்ஸ், எண்ணுக்கு முன்னால் வரும் என், ஈ எழுத்து எல்லாம் எனக்குத் தண்ணீர் பட்ட பாடு. ஒன்பது டிகிரி வடக்கு, எழுபத்தொன்பது டிகிரி கிழக்கு என்றால் நம் ஊர்ப் பக்கம் என்று தூக்கத்திலும் சொல்லுவேன். எக்கோ பெட்டியில் டெப்த் என்று இருந்ததைப் பார்த்துவிட்டு, "அப்பா, டீப் தெரியும், டெப்த்னா என்ன?" என்று கேட்டாள். "கடல் ஆழமா இருக்குன்னு சொல்றது ஒன்னு, ஆழம் ஆறு பாகம்னு அளந்து சொல்றது ஒன்னு. பெட்டி அளந்து சொல்லுது" என்றேன். உடனே வைட், வித்த், லாங், லெங்த், ஸ்ட்ராங், ஸ்ட்ரெங்த் என்று நோட்டில் வரிசையாக எழுதிக்கொண்டாள். எங்கள் வலையின் நீளம், அகலம், கயிற்றின் பலம் என்று எல்லாவற்றுக்கும் வாக்கியம் போட்டாள். அதை அவள் டீச்சர் வகுப்பில் வாசிக்கச் சொன்னாராம்.

மனப்பாடப் பாடலுக்கும் என்னிடம்தான் ஒப்பிப்பாள். எனக்குப் பொருள் புரியாது. ஆனால் நேற்றுச் சொன்ன மாதிரி இன்று சொல்லவில்லை என்றால் காது கண்டுபிடித்துவிடும். பிடித்த இடத்தில் புத்தகத்தைத் திறந்து பார்ப்பாள், அங்கே ஒரு சொல் விட்டுப்போயிருக்கும். கமா, முற்றுப்புள்ளியைக்கூட வாய்விட்டுச் சொல்லிப் படிக்கச் சொன்னேன்.

விளம்பரம் எழுதுகிற கேள்விதான் அவளுக்கு இன்னும் வரவில்லை. வழி இருந்தால் சொல்லுங்கள்.

கீழக்கரையிலிருந்து

என் மகனின் வாப்பா வெளிநாட்டில் ஒரு கடையில் வேலை பார்க்கிறார். வெள்ளிக்கிழமை தொழுகை முடிந்து வீடியோவில் பேசுவார். மகன் பத்தாம் வகுப்புக்கு வந்ததும், "அஞ்சு நிமிஷம் இங்கிலீஷ்லயே பேசு" என்று சொல்லிவிட்டார். முதல் மூன்று வாரம் பையன் எஸ், நோ தவிர எதுவும் பேசவில்லை. வாப்பா நிறுத்தாமல் பேசினார். மலையாளி, பிலிப்பைன்ஸ்காரர், அரபி என்று எல்லோரிடமும் வியாபாரம் செய்து பழகிய ஆங்கிலம் அது. பயம் இல்லாத ஆங்கிலம். ஆனால் இலக்கணம் அங்கங்கே விலகும். "ஒன் ஆஃப் மை ஃப்ரெண்ட்" என்பார், "ஹி டோன்ட் கம்" என்பார்.

பிழை திருத்தும் கேள்வி ஐந்து மதிப்பெண்ணுக்கு வருகிறது இல்லையா? நாலாவது வாரம் அவரே சொன்னார்: "நான் பேசறதுல அஞ்சு வாக்கியம் எழுதி வை. அடுத்த வெள்ளிக்குள்ள தப்பு எங்கேன்னு கண்டுபிடி." வாப்பாவைத் திருத்துவதா என்று பையன் தயங்கினான். நானும் தயங்கினேன். அவர்தான் விடவில்லை. அடுத்த வாரம் மகன் சொன்னான்: "வாப்பா, 'என் நண்பர்களில் ஒருவர்'னுதானே சொல்றோம், அதனால ஃப்ரெண்ட்ஸ்." அவர் கண் கலங்கிவிட்டது. எனக்கும்தான். ஒரே வாக்கியத்தில் "தோ" (though) போட்டால் "பட்" (but) கூடாது என்பதை அவன் நோட்டில் படித்து மறந்திருந்தான். வாப்பா வாயில் கேட்டதும் பிடித்துவிட்டான், இனி மறக்க மாட்டான்.

இன்னொரு பலனும் உண்டு. தப்பாகப் பேசினாலும் வாப்பா அத்தனை வருடம் கடை நடத்துகிறாரே என்று பார்த்து, அவனும் வாயைத் திறந்துவிட்டான். இப்போது ஐந்து நிமிடம் இருபது நிமிடமாகிவிட்டது. பேச்சில் ஓடட்டும், தாளில் திருத்திக்கொள்ளலாம் என்று நான் விட்டுவிட்டேன். தாளில் ஹி, ஷி, இட் வந்தால் நிகழ்கால வினையில் எஸ் விட்டுப்போனால் மதிப்பெண் போகும் என்பதை மட்டும் அடிக்கடி சொல்லுவேன்.

மறுபடியும் பாம்பனிலிருந்து

தங்கச்சிமடம் அண்ணே, உங்கள் வீட்டில் கருவாடு காயப்போடுவீர்கள்தானே? ஒரு பாக்கெட் நெத்திலியை மகள் முன்னால் வைத்து, "இதை மதுரைக்காரங்க வாங்கணும், என்ன சொல்லுவ?" என்று முதலில் தமிழில் கேளுங்கள். அவள் சொல்வதில் நாலைந்து துண்டுச் சொற்களை மட்டும் எடுத்து ஆங்கிலமாக்கச் சொல்லுங்கள். விளம்பரத்தில் முழு வாக்கியம் வேண்டியதில்லை. "சன் டிரைட், நோ சாண்ட்" என்று இருந்தாலே கண்ணில் படும். மேலே பொருளின் பெயர் பெரிதாக, கீழே கிடைக்கும் இடம், சுற்றி ஒரு கட்டம். முடிந்தால் செவ்வாய்க்கிழமை சாயங்காலம் அவளை இங்கே கூட்டி வாருங்கள், பேருந்தில் ஏறினால் கொஞ்ச நேரம்தான். டெப்த், வித்த் எழுதிய நோட்டையும் கொண்டு வரச் சொல்லுங்கள், என் பிள்ளைகளுக்கு அது வேண்டும்.