பாய்மரப் படகில் மின் மோட்டார்: முழு வேகத்தில் சக்தி இறங்கிவிடுகிறது

மும்பை கொலாபா பக்கம் நிற்கும் 26 அடி பாய்மரப் படகு. மழைக்காலத்துக்கு முன் டீசல் இன்ஜினைக் கழற்றிவிட்டு 48 வோல்ட், 5 கிலோவாட் மோட்டார் போட்டோம். பேட்டரி லித்தியம் அயர்ன் பாஸ்பேட், 100 ஆம்பியர்-ஹவர் (Ah). புரொப்பெல்லர் மட்டும் பழைய டீசலுக்குப் போட்டதுதான்.

பாதி வேகத்தில் தொல்லையே இல்லை. அமாவாசை, பௌர்ணமி ஓதத்தை எதிர்த்து முழு வேகம் கொடுத்தால், கொஞ்ச நேரத்தில் கரண்ட் 90 ஆம்பியரிலிருந்து 40க்குத் தானாக இறங்குகிறது. எலிபெண்டா தீவு எதிரிலேயே நிற்கும், படகு நகராது. பேட்டரி அப்போதும் 51 வோல்ட் காட்டுகிறது. மோட்டார் வெதுவெதுப்புதான், மோட்டாருக்குக் கரண்டை அளந்து விடும் கன்ட்ரோலரில்தான் கை வைக்க முடியவில்லை.

புரொப்பெல்லரில் ஒட்டிய சிப்பியைச் சுரண்டியாச்சு, தடித்த கேபிளும் மாற்றியாச்சு. கன்ட்ரோலர் இருக்கும் பெட்டிக்குள் ஃபேன் வைத்தும் பலனில்லை (உப்புக் காற்றில் அது எத்தனை நாளைக்கோ). விற்றவர் போனை எடுப்பதில்லை.

கன்ட்ரோலரைக் கடல்நீரால் குளிரவைப்பதா, பிட்ச் (ஒரு சுற்றுக்கு முன்னேறும் தூரம்) குறைந்த புரொப்பெல்லர் போடுவதா, நீங்கள் என்றால் எதை முதலில் செய்வீர்கள்?