துணை விளக்கு ரிலே: 86-ஆம் பின்னுக்கு சப்ளை எங்கிருந்து எடுப்பது?

வணக்கம். எச்4 பல்பு (ஹை, லோ இரண்டு ஃபிலமெண்டும் ஒரே பல்பில்) உள்ள காரில் ஹை பீமோடு எரிய 55 வாட் விளக்கு இரண்டு. மொத்தம் 9 ஆம்பியர் சொச்சம். பேட்டரியை ஒட்டியே 15 ஆம்பியர் ஃபியூஸ், 2.5 சதுர மி.மீ. ஒயர், நாலு பின் ரிலே. பவர் பக்கம் பிரச்சினை இல்லை, ரிலேயை இழுக்கும் காயில் பக்கம்தான் (85, 86 பின்கள்) தகராறு.

86-ஐ ஹை பீம் ஒயரிலும் 85-ஐ பாடி எர்த்திலும் கொடுத்தால், துணை விளக்கு லோ பீமில் எரிகிறது, ஹை போட்டதும் அணைகிறது! மீட்டர் வைத்ததில் காரணம் தெரிந்தது. இந்த வண்டியில் ஸ்விட்ச் ஆவது பாசிட்டிவ் அல்ல, எர்த். பல்பின் பொது முனையில் (இரு ஃபிலமெண்டும் சேரும் பின்) 12 வோல்ட் நிற்கிறது. லோ பீமில் அதே 12 வோல்ட் ஃபிலமெண்ட் வழியாக ஹை ஒயருக்கும் வந்துவிடுகிறது.

ஆக 85 ஹை ஒயருக்குப் போக வேண்டும். 86? இக்னிஷனில் எடுக்கச் சொல்கிறார்கள். ஆனால் ஹெட்லைட் அணைந்திருக்கும்போதும் காயில் கரண்ட் இரண்டு ஃபிலமெண்டையும் தாண்டி லோ பக்க எர்த்தைத் தேடிப் போய் ரிலேயை இழுத்துவிடும். பொது முனைதான் சரி. இடது, வலது தனித்தனி ஃபியூஸ் என்பதால், ஒன்று போனாலும் ரிலே வேலை செய்ய, இரு பக்கமும் ஒவ்வொரு 1என்4007 டயோடு (கரண்டை ஒரு திசையில் மட்டும் விடுவது) போட்டு 86-ல் சேர்க்கலாமா? இப்படிச் செய்தவர்கள், டயோடை ரிலே சாக்கெட்டிலேயே வைத்தீர்களா, பல்பு ஹோல்டர் அருகிலா? சூட்டில் தாங்குகிறதா? படம் இருந்தால் போடுங்கள்.