கைமோட்ரிப்சினுக்கு நான்காம் நிலை அமைப்பு உண்டா?

வணக்கம் நண்பர்களே. உயிர்வேதியியல் படித்தவர்களோ பாடம் நடத்துபவர்களோ இதை விளக்கினால் பெரிய உதவி.

நொதிகளின் புரத அமைப்பில் முதல் மூன்று நிலைகள் புரிகின்றன. அமினோ அமில வரிசை, ஆல்ஃபா சுருளும் பீட்டா தாளும், அப்புறம் முழுச் சங்கிலியின் முப்பரிமாண மடிப்பு. புரதங்களைச் செரிக்கும் நொதியான கைமோட்ரிப்சினில் இது அழகாகத் தெரிகிறது: 57ஆம் இடத்து ஹிஸ்டிடின், 102ஆம் இடத்து ஆஸ்பார்டேட், 195ஆம் இடத்து செரின் மூன்றும் வரிசையில் எங்கெங்கோ இருந்தாலும், மடிந்தபின் பக்கத்தில் பக்கத்தில் வந்து வினையை நடத்துகின்றன.

குழப்பம் அடுத்த கட்டத்தில்தான், அதாவது பல சங்கிலிகள் சேர்ந்து ஒரே புரதமாகும் நான்காம் நிலையில். கணையத்தில் இது 245 அமினோ அமிலங்கள் கொண்ட ஒரே சங்கிலி, கைமோட்ரிப்சினோஜன் என்ற செயலற்ற முன்வடிவம். சிறுகுடலில் ட்ரிப்சின் என்ற இன்னொரு நொதி அதை ஓரிடத்தில் வெட்டுகிறது. பிறகு கைமோட்ரிப்சினே தன்னைத்தான் வெட்டிக்கொள்கிறது. கடைசியில் டைசல்ஃபைடு பிணைப்புகளால் (இரு கந்தக அணுக்களுக்கு இடையிலான பிணைப்பு) கோத்த மூன்று சங்கிலிகள். ஹிஸ்டிடினும் ஆஸ்பார்டேட்டும் ஒரு சங்கிலியில், செரின் இன்னொன்றில்!

இதை நான்காம் நிலை எனலாமா? அல்லது லாக்டேட் டிஹைட்ரஜனேஸ் நொதியைப் போலத் தனித்தனியே உருவான துணையலகுகள் (தனிச் சங்கிலிகள்) சேர்ந்தால்தான் அப்படியா? வெட்டுவதற்கு முன்பே பெரும்பாலான மடிப்பு முடிந்துவிடுவதால் மூன்றாம் நிலை என்றே எனக்குப் படுகிறது. தேர்வில் எப்படி எழுதுவது சரி? காரணத்தோடு சொல்லுங்கள், படம் இருந்தால் இன்னும் நல்லது.